மொட்டைக்கொம்பு கிடாவா, பெட்டையா

தோக்கியோ
நவம்பர் 21

மிஸாவோவுக்கு,

இலையெல்லாம் கொட்டித் தீர்ந்து அங்கே முதல் பனி விழுந்திருக்கும். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? உன் இருமல் விட்டதா? நான் சுகமாக வந்து சேர்ந்தேன். விடுதி அறையில் இருப்பவர்கள் எல்லாரும் நம் அகிதாப் பக்கத்து ஆட்கள்தான். பக்கத்து ஊர் கன்பெய் என் தலைமாட்டில் படுக்கிறான், அவன் குறட்டையில் கண்ணாடி அதிர்கிறது. இந்த வருடமும் சுரங்க ரயிலுக்குத் தோண்டும் வேலை. மலையில் பிறந்தவனைக் கொண்டுவந்து மண்ணுக்குள் விட்டிருக்கிறார்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இந்தக் குளிர்காலத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து நம் மலையாடு அவோவைக் கணக்கெடுக்க ஆள் வருவார்களாம். வந்தால், தோகுஜி ஏப்ரலில்தான் வருவான், அதற்கப்புறம் வாருங்கள் என்று சொல்லிவிடு. நம் ஊரில் அவோவை முகம் பார்த்து இன்னது என்று சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தானே. மற்றவர்களுக்கு அது முன்னால் பார்த்தால் ஆடு, பின்னால் பார்த்தால் மான், அசையாமல் நின்றால் மரக்கட்டை. கிடாவுக்கும் கொம்பு, பெட்டைக்கும் அதே அளவு கொம்பு. தெரியாதவன் எண்ணினால் ஒன்றையே மூன்று முறை எண்ணிவிட்டுப் போவான்.

கூரையில் பனியை ஏறவிடாதே. ஊர்க் கூட்டத்தில் சொல்லி ஆள் கேட்டு வாங்கு. குளிரில் கழுத்தை மூடிக்கொள்.

தோகுஜி

*

குரோமோரி
டிசம்பர் 9

மதிப்புக்குரிய என் வீட்டுக்காரருக்கு,

தண்ணீர்த் தொட்டியில் காலையில் பனிக்கட்டி உடைத்துத்தான் அரிசி களைகிறேன். அங்கே மண்ணுக்குள் கதகதப்பாக இருக்குமா, ஈரமாக இருக்குமா? நினைத்துப் பார்த்தால் புரியவில்லை. அத்தைக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. எனக்கு இருமல் போய்விட்டது. புகையில் போட்ட முள்ளங்கி ஊறுகாய் தனியாக அனுப்பியிருக்கிறேன். கன்பெய் அவர்களுக்கும் கொடுங்கள், வாய் நிறைய இருந்தால் குறட்டை விடமாட்டார்.

கணக்கெடுப்புக்காரர்கள் வந்துவிட்டார்கள். நுமாகுரா என்று ஒரு ஆசிரியர், பிள்ளை முகம், மூக்கில் எப்போதும் தண்ணீர். நீங்கள் சொன்னபடியே ஏப்ரலில் வரச் சொன்னேன். ஏப்ரலில் பனி கரைந்து புதர் தழைத்துவிடும், ஒன்றும் தெரியாது, இப்போதே எண்ண வேண்டும் என்றார். அதற்குள் அத்தை குறுக்கே வந்து, "எம் மகன் இல்லேன்னா என்ன? மருமகளுக்கும் ரெண்டு கண்ணு இருக்கே, கூட்டிட்டுப் போங்க"ன்னு சொல்லிவிட்டார்.

அதனால் மூன்று நாளாக மலைக்குப் போய்வருகிறேன். நீங்கள் காட்டிய இடங்களில்தான் நிற்கின்றன. கிழக்குச் சரிவில் காது கிழிந்தது, கரிச்சூளைக்கு மேலே வெள்ளைத் தாடி. கழுகுப் பாறையில் மொட்டைக்கொம்பு. இடது கொம்பு பாதியில் ஒடிந்தது, உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா.

கூரைப் பனி தள்ளியாகிவிட்டது. கவலை வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிஸாவோ

*

தோக்கியோ
டிசம்பர் 16

மிஸாவோவுக்கு,

இங்கே பனி இல்லை, குளிர் மட்டும் எலும்பைத் தேடி வருகிறது. நான் நலம். ஊறுகாய் வந்த அன்றே தீர்ந்தது. கன்பெய் குறட்டையைக் குறைக்கவில்லை.

நீ மலைக்குப் போனது சரியில்லை. நான் பழங்காலத்து ஆள் இல்லை, ஆனாலும் மலைத்தெய்வம் பெண் என்பது உனக்குத் தெரியும். அழகில்லாதவள், பொறாமைக்காரி. தன் மலையில் இன்னொரு பெண்ணின் காலடி விழுந்தால் பொறுக்கமாட்டாள். என் அப்பா வேட்டைக்குப் போகும்போது மனைவி பேரைக்கூட மலையில் சொன்னதில்லை. பனிச்சரிவு வந்தால் யார் பொறுப்பு? அந்த நுமாகுராவா?

போகவேண்டாம் என்று நான் தடுக்கவில்லை. தெய்வத்துக்காகச் சொல்கிறேன்.

இரண்டு விஷயம் நீ எழுதவில்லை. கூரைப் பனியைத் தள்ளியது யார்? இடுப்பளவு பனியில் முன்னால் தடம் மிதித்துப் போனது யார்? அந்த ஆசிரியர் மூக்கைத் துடைக்கவே நேரம் போதாதவர் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்.

தோகுஜி

*

குரோமோரி
டிசம்பர் 29

மதிப்புக்குரியவருக்கு,

வருடம் முடிகிற அமளியில் இருக்கிறோம். அரிசி இடித்து மோச்சி உருண்டை பிடித்தாயிற்று. நீங்கள் புத்தாண்டுக்கு வரமுடியாது என்று கன்பெய் வீட்டில் சொன்னார்கள். உங்கள் கடிதத்தில் அது இல்லை. அத்தை உங்கள் இடத்தில் ஒரு கிண்ணம் வைக்கச் சொல்லியிருக்கிறார்.

தெய்வத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்கு வழி செய்துகொண்டுதான் போனேன். உங்கள் அப்பா வைத்திருந்த காய்ந்த ஒகோஸே மீனைக் காகிதத்தில் சுற்றி மடியில் கட்டிக்கொள்கிறேன். அதைவிட அசிங்கமான முகம் கடலிலும் இல்லை, மலையிலும் இல்லை. அதைப் பார்த்தால் தெய்வத்துக்கு மனம் குளிர்ந்துவிடும் என்றுதானே ஆண்களும் கொண்டுபோவார்கள்? அத்தை அதுகூட வேண்டாம் என்கிறார். "எம் மருமக மூஞ்சியப் பாத்து எந்தத் தெய்வமும் வயிறெரியாது, தைரியமாப் போ" என்றார்.

பொறாமை தெய்வத்துக்கா என்று மட்டும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

அவோக்கள் நன்றாக இருக்கின்றன. பனி ஏறியதும் பாறை விளிம்பில் போய் அசையாமல் நிற்கத் தொடங்கிவிட்டன. காலையில் பார்த்தது சாயங்காலமும் அங்கேயே நிற்கிறது. ஆசிரியர் சொன்னார், சீனத்திலும் இமயமலையிலும் இதற்கு ஒன்றுவிட்ட சொந்தங்கள் இருக்கின்றனவாம், அங்கேயும் பெட்டைக்கும் கிடாவுக்கும் ஒரே மாதிரி கொம்பாம். எல்லா ஊரிலும் இதே குழப்பம்தான் போலிருக்கிறது.

கூரைக்கும் தடத்துக்கும் இசோகிச்சி அவர்கள்தான்.

புத்தாண்டு உங்களுக்கு நல்லபடியாகப் பிறக்கட்டும்.

மிஸாவோ

*

தோக்கியோ
ஜனவரி 7

மிஸாவோ,

புத்தாண்டு வாழ்த்து. நலம். நலம்தான் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன்.

இசோகிச்சி! அந்தப் பெயர் கடைசி வரியில் வருகிறது. அவோவுக்கு ஒரு பக்கம், சீனத்துச் சொந்தத்துக்கு நாலு வரி, ஒகோஸே மீனுக்குக் கூட இடம் இருந்தது. அவனுக்கு ஒரே வரி. ஒன்றுமில்லாத விஷயத்தை மனிதர்கள் இவ்வளவு சின்னதாக எழுதுவதில்லை.

எல்லாரும் குளிர்காலத்தில் ஊரை விட்டு வேலைக்கு வருகிறோம். அவனுக்கு மட்டும் காலில் இரண்டு விரலைப் பனி தின்றுவிட்டதாம், கட்டட வேலைக்கு ஆகாதாம். ஆனால் மலையில் தடம் மிதிக்க ஆகுமாம், அடுத்தவன் கூரையில் ஏற ஆகுமாம். விடுதியில் கன்பெய் எல்லார் முன்னாலும் கேட்கிறான், "என்னப்பா தோகுஜி, உன் கூரையில ஒரு பனிமனுஷன் ஏறி நிக்கறானாமே?" சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வெளியே போய்க் குழாயடியில் நின்றேன்.

அவன் வீட்டார்தான் உன்னை முதலில் பெண் கேட்டார்கள். எனக்கு மறந்துவிட்டது என்று நினைத்தாயா? உன் அப்பா என்னைத் தேர்ந்தெடுத்ததற்குச் சொன்ன காரணமும் மறக்கவில்லை. "மலை தெரிஞ்ச பையன், பிழைச்சுக்குவான்" என்றார். மலை தெரிந்தவன் இங்கே குழிக்குள் இருக்கிறேன். தெரியாதவன் அங்கே என் பெண்டாட்டியோடு என் மலையில் என் அவோவை எண்ணிக்கொண்டிருக்கிறான்.

பதில் எழுது. அவோவைப் பற்றி வேண்டாம்.

தோகுஜி

*

குரோமோரி
ஜனவரி 26

மதிப்புக்குரியவருக்கு,

கடுங்குளிர் நாட்கள். சன்னலுக்கு மேலே பனி ஏறிவிட்டதால் பகலிலும் விளக்குப் போட்டு எழுதுகிறேன். பதில் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடுப்பில் போட்டேன்.

அவோவைப் பற்றி வேண்டாம் என்றீர்கள். ஆனால் அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள்.

புதிதாக நட்ட தேவதாருக் கன்றுகளை அவோக்கள் கடித்துவிட்டன அல்லவா. கழுகுப் பாறைப் பக்கம் ஒரு கிடாவை வலை போட்டுப் பிடித்து விலங்குக் காட்சிசாலைக்கு அனுப்ப வனத்துறை அனுமதி வாங்கியிருக்கிறது. கிடா மட்டும்தான். வயிற்றில் குட்டியோடு இருக்கும் காலம் என்பதால் பெட்டையைத் தொடக்கூடாது. வலைக்குக் கைக்கெட்டும் இடத்தில் நிற்பது மொட்டைக்கொம்பு. அது எது என்பதுதான் கேள்வி. மற்ற அவோக்களைத் துரத்துகிறது, கழுத்தும் தடியாக இருக்கிறது, அதனால் கிடா என்கிறார் ஆசிரியர்.

முகத்தைத் திருப்பிக் காட்டினால் கொம்பின் வளையங்களைப் பார்த்துக் கிடாவா பெட்டையா என்று சொல்லிவிடலாம் என்று ஒருநாள் முழுக்கக் காத்திருந்தோம். திரும்பவே இல்லை. கடைசியில் இசோகிச்சி அவர்கள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துப் பனியில் நின்று ஆடினார். அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் செய்வது போல. அவோவுக்குப் புதுமையைக் கண்டால் கால் நகராது என்பார்களே, உண்மைதான். மொட்டைக்கொம்பு திரும்பி அவரையே வாய்பிளந்து பார்த்தது. விரல் இல்லாத காலோடு ஆடுகிறவர் பொத்தென்று இடுப்பு வரை புதைந்தார். "என்னய்யா பாக்குற, நீ வந்து ஆடேன்"னு அதைப் பார்த்துத் திட்டினார். நான் சிரித்துவிட்டேன். பனியில் உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தேன். மறைக்க ஒன்றுமில்லை, அதனால் எழுதுகிறேன்.

வளையம் பார்த்த பிறகு இசோகிச்சி அவர்களும் கிடா என்றுதான் சொல்கிறார். என்னைக் கேட்டார்கள். நான், "எங்க வீட்டுக்காரர் சொல்றதுதான் கடைசி. எழுதிக் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். உங்கள் பதில் வந்ததும் ஊர்க் கூட்டத்தில் படித்துவிட்டுத்தான் வலை போடுவார்கள்.

ஆகவே கேட்கிறேன். மொட்டைக்கொம்பு கிடாவா, பெட்டையா?

கால் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிஸாவோ

*

தோக்கியோ
ஜனவரி 31

அன்புள்ள மிஸாவோவுக்கு,

இங்கே கோயில் பக்கத்து பிளம் மரத்தில் ஒரு மொட்டுத் தெரிகிறது. நான் மிகவும் சுகம். அம்மாவும் நீயும் சுகமாக இருக்க வேண்டும். போன கடிதத்தில் குளிரில் ஏதோ எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. சிரித்ததாக எழுதியிருந்தாய், நல்லது. சிரிப்பு உடம்புக்கு நல்லது.

நீ கேட்டதற்குப் பதில். மொட்டைக்கொம்பு கிடா. எனக்குச் சந்தேகமே இல்லை. கூட்டத்தில் படித்துக் காட்டு. வலை போடச் சொல்.

அன்புடன்,
தோகுஜி

*

தோக்கியோ
பிப்ரவரி 14

மிஸாவோவுக்கு,

நலமா? அம்மா நலமா? உன்னிடமிருந்து கடிதம் இல்லை. பனியால் ரயில் நின்றுவிட்டதா என்று பார்த்தேன், கன்பெய்க்கு மட்டும் வீட்டிலிருந்து வாரம் தவறாமல் வருகிறது.

எனக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. இங்கே போடும் மீன் சரியில்லை.

வலை போட்டுவிட்டார்களா? அவசரமில்லை என்று சொல். எனக்கும் நினைவு பிசகியிருக்கலாம், அந்தப் பாறையில் இன்னொன்றும் ஒரு காலத்தில் நின்றது. இன்னும் ஒருமுறை நன்றாகப் பார்க்கச் சொல்வதில் தப்பில்லை. நீயே பார். உனக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்.

இரண்டு வரியாவது எழுது.

தோகுஜி

*

குரோமோரி
மார்ச் 3

மதிப்புக்குரியவருக்கு,

கூரை ஓரத்துப் பனிக்கட்டி சொட்டத் தொடங்கிவிட்டது. இரவில் மறுபடி உறைகிறது. அத்தை நலம். நானும் நலம். நீங்கள் சாப்பிடவில்லை என்று எழுதியதை அத்தையிடம் சொல்லவில்லை.

உங்கள் ஜனவரிக் கடிதம் பிப்ரவரி நான்காம் தேதியே வந்துவிட்டது. அடுப்படியில் நின்றே படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன்.

மொட்டைக்கொம்பு பெட்டை என்று உங்களுக்கு முதலில் சொன்னவளே நான்தான். ஞாபகம் இருக்கிறதா? முந்தின கோடையில் கீரை பறிக்கப் போனபோது குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டு நின்றதைக் கண்டேன். வந்து உங்கள் முதுகு தேய்த்துக்கொண்டே சொன்னேன். "அப்படியா" என்றீர்கள். நாலு நாள் கழித்து அதையே நீங்கள் கண்டதாக என்னிடமே வந்து சொன்னீர்கள். நானும் "அப்படியா" என்றேன். இந்தக் குளிர்காலம் முழுக்க எனக்குத் தெரிந்ததை வாய்க்குள் வைத்துக்கொண்டு உங்களைக் கேட்டேன். நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் மலையில் உங்கள் பேர் இருக்கட்டும் என்றுதான். அதற்கு நீங்கள் எழுதியனுப்பியது அது.

கடிதம் வந்தது தபால்காரர் மூலம் ஊர் முழுக்கத் தெரியும். தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை, எனக்கு அவ்வளவு கோபம். உங்கள் கையெழுத்திலேயே ஊர் கேட்கட்டும், கேட்ட பிறகு நான் எழுந்து, "இல்ல, பெட்டை, நானே கண்ணால பாத்தேன்" என்று சொல்லப் போகிறேன் என்று முடிவு கட்டிக்கொண்டு போனேன். உங்கள் மானம் போனால் போகட்டும் என்றிருந்தது. இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

இந்த வருடம் கூட்டத்தில் எழுத்து வேலை இசோகிச்சி அவர்களுக்கு. கடிதத்தை வாங்கி நலம் விசாரித்ததை முதலில் படித்தார். பிளம் மொட்டைப் படித்தார். அப்புறம் நின்றுவிட்டார். கிடா என்று ஒரு மாதமாக வாதாடிக்கொண்டிருந்தவர் அவர்தான். அவர் சொன்னதையே நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். ஜெயித்துவிட்டார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். தலையை நிமிர்த்தி ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, சைகையும் காட்டவில்லை. திரும்பக் குனிந்து, "மொட்டைக்கொம்பு பெட்டை. எனக்குச் சந்தேகமே இல்லை" என்று படித்தார்.

"வலை போடாதே"ன்னும் சேர்த்துப் படித்துவிட்டார்.

கூட்டத்தில் ஒரே சிரிப்பு. "ஏன்டா இசோகிச்சி, ரெண்டு விரலோட கண்ணையும் பனி தின்னுடுச்சா? தோக்கியோவுல குழிக்குள்ள கிடக்கறவனுக்குத் தெரியுது, பக்கத்துல நின்னு ஆடுனவனுக்குத் தெரியலையே!" என்று ஆளாளுக்குப் போட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டே தலையைச் சொறிந்தார். கடிதத்தை நாலாக மடித்து என் கையில் கொடுத்தார். அப்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் நம் வீட்டுப் பக்கம் வரவும் இல்லை. அப்புறம் கூரைப் பனிக்கு நானே ஏறினேன்.

ஆசிரியர் மேற்குச் சரிவில் ஒரு இளங்கிடாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். ஊரில் உங்கள் பேச்சுத்தான். அத்தைக்குத் தலைகால் புரியவில்லை.

கொம்பையும் கழுத்தையும் மாதக்கணக்கில் பார்த்தும் அவோவைச் சொல்லத் தெரியவில்லை அவருக்கு. என் முகத்தை ஒரு நொடி பார்த்து, நீங்கள் பொய் எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டார். அதுதான் நடந்தது. இதற்கு மேல் உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் ஒரு மாதம் ஆகிவிட்டது.

ஏதாவது சாப்பிடுங்கள்.

மிஸாவோ

*

தோக்கியோ
மார்ச் 12

மிஸாவோ,

அம்மாவுக்கு வணக்கம். நான் நலமில்லை. காய்ச்சல் ஒன்றும் இல்லை.

உன் கடிதம் வருவதற்கு முன்பே கன்பெய்க்கு வீட்டிலிருந்து சேதி வந்துவிட்டது. தோகுஜி இங்கிருந்துகொண்டே மலையைப் பார்க்கிறான் என்று எல்லாரும் சேர்ந்து சாக்கே வாங்கி ஊற்றினார்கள். என்னைத் தோளில் தூக்கினார்கள். அவர்கள் எதற்குப் பாராட்டுகிறார்கள் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை, ஏதோ அதிர்ஷ்டம் என்று குடித்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் எந்தப் பொய்க்கு அந்தச் சாக்கே என்று தெரிந்தது.

நான் எழுதியதைப் பற்றி என்ன எழுதுவது? சமாதானம் எழுத உட்கார்ந்தால் இன்னொரு பொய் வரும். உன் கீரைக்கூடை ஞாபகம் இருக்கிறது. முதுகு தேய்த்தது ஞாபகம் இருக்கிறது. அவ்வளவும் ஞாபகம் வைத்துக்கொண்டுதான், அவன் ஆட நீ சிரித்த இடத்தில் அந்த அவோ இனி நிற்கக்கூடாது என்று அதை எழுதினேன், மிஸாவோ.

இது நாள் வரை அவன் உன்னோடு மலை ஏறுகிறானே என்று எரிந்தேன். அது ஒன்றுமே இல்லை என்று இப்போது தெரிகிறது. பன்னிரண்டு வருடமாக உன் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அதில் நான் ஒன்றையும் படித்ததில்லை. அவன் கூட்டத்துக்கு நடுவில் ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்துப் படித்துவிட்டான். படித்ததைத் தனக்கு வைத்துக்கொள்ளாமல் எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். கெட்டவனாக இருந்திருந்தால் ஒரு அடி கொடுத்துத் தீர்த்துக்கொள்வேன். இவனை என்ன செய்வது? பொறாமை என்றால் என்னவென்று இந்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது.

வேலை முடிய இன்னும் நாள் இருக்கிறது, மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன், முன்னாலேயே கிளம்புகிறேன். வந்த அன்றே அவனைச் சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்று அம்மா நிற்பாள். கூப்பிடு. மறுத்தாலும் விடாதே, போய் அழைத்து வா. கோழி அடித்துக் குழம்பு வை.

ஆனால் அவன் சாப்பிட உட்காரும்போது நீ பரிமாற வேண்டாம். இந்த ஊரில் எந்த ஆணும் செய்யாததுதான், அம்மா வாயடைத்துப் போவாள், போகட்டும். நீ அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு. இரண்டு பேருக்கும் நான் பரிமாறுகிறேன்.

தோகுஜி